உத்தரவுப் பெட்டியில் வந்த சொற்கள்



இந்த மாதச் சுவர் இதழுக்குப் பெயர் கொடுத்தபோது, "ஆங்கிலச் சொற்களைக் கற்பது எப்படி? அதைப் பத்தி நீ எழுது" என்று தமிழ் ஐயா சொல்லிவிட்டார். எப்படிக் கற்க வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எப்படிக் கற்கக்கூடாது என்று கேட்டால் விடிய விடியச் சொல்வேன். அதில் நான் அனுபவசாலி. போன வருடம் பிளஸ் ஒன் படித்தபோது நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கையெழுத்து என் தோழியுடையது. பிழை இருந்தால் அது என்னுடையது.

நான் பத்தாம் வகுப்பு வரை மூலனூர் ரோட்டில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வழியில் படித்தவள். தாராபுரத்துக்கு வந்து பிளஸ் ஒன்னில் உட்கார்ந்த முதல் வாரமே பயந்துவிட்டேன். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சுக்கு நடுவே 'ஆக்சுவலி', 'ஆப்வியஸ்லி' என்று போட்டுத் தாளித்தார்கள். நான் எதற்கும் தலையை மட்டும் ஆட்டினேன். அந்தச் சனிக்கிழமையே பெரிய பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் 192 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கினேன். ஸ்கேல் வைத்து நடுவே கோடு போட்டேன். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் என்று கணக்கு. எளிய சொல் எதுவும் கூடாது, கடினமானது மட்டுமே. யுபிக்விட்டஸ், லொக்வேஷஸ், எஃபெமரல், நொட்டோரியஸ். சொல் நீளமாக இருந்தால் அறிவும் நீளமாக இருக்கும் என்று நினைப்பு!

ராத்திரி பத்து மணிக்கு நான் மனப்பாடம் செய்வதைக் கேட்டுவிட்டு எங்கள் அமுச்சி, "என்ன சாமி, மந்திரமா ஓதறே? யாருக்காச்சும் காத்துக் கருப்பா?" என்று கேட்டார். ஜூன் முடிவதற்குள் இருநூறு சொற்கள் சேர்ந்துவிட்டன. வாய்ப்பாடு மாதிரி எங்கே கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் அந்த இருநூறில் ஒன்றைக்கூட யாரிடமும் பேசியதில்லை.

பேசுவதற்கு ஜூலை 15-ஆம் தேதி வாய்ப்பு வந்தது. காமராஜர் பிறந்த நாள், கல்வி வளர்ச்சி நாள். வரவேற்புரையை ஆங்கிலத்தில் யார் சொல்வது என்று கேட்டபோது நானே கையைத் தூக்கினேன். எட்டு வாக்கியம் எழுதினேன். யாரிடமும் காட்டவில்லை, திடீரென்று எல்லோரையும் அசத்த வேண்டும் அல்லவா? மேடையில் சிறப்பு விருந்தினர், தலைமையாசிரியர், பெற்றோர் சிலர். நான் மைக்கைப் பிடித்து, சிறப்பு விருந்தினரைப் பார்த்து, "அவர் தாராபுரத்தில் நொட்டோரியஸ் ஆனவர்" என்று ஆங்கிலத்தில் கணீரென்று சொன்னேன்.

என் நோட்டில் அதற்கு நேரே எழுதியிருந்தது: 'பேர்போன'.

ஆசிரியர்கள் வரிசையில் இரண்டு பேர் சட்டென்று குனிந்துகொண்டார்கள். ஆங்கில வழிப் பையன்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, அடங்கி, மறுபடி கிளம்பியது. விருந்தினர் மட்டும் முகம் மாறாமல் எனக்குக் கைதட்டினார். அவர் பெரிய மனிதர், வேறென்ன சொல்ல? கீழே இறங்கி வந்தபிறகுதான் தோழி காதில் சொன்னாள், "ஏப்புள்ள, அது திருடன், ரவுடிக்குச் சொல்றதுடீ!"

வீட்டுக்குப் போய் டிக்‌ஷனரியைத் திறந்து பார்த்தேன். 'பேர்போன' என்பதற்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'தீய வகையில்' என்று இருந்தது. நான் எழுதும்போது என் நோட்டில் கோட்டுக்கு அப்புறம் இடம் பத்தவில்லை. அடைப்புக்குறி என்றால் முக்கியமில்லாதது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே போகக்கூடாது என்று படுத்துக் கிடந்தேன். அம்மாவோ காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி வேனுக்குக் கிளம்புகிறவர். அவர் கிளம்புவதற்கு முன்னால் என்னை எழுப்பி உட்கார வைத்துவிட்டுத்தான் போவார். போனேன். ஆங்கில டீச்சர் திட்டவில்லை. நோட்டைக் கேட்டு வாங்கி, ஒரு பீரியடு முழுக்கப் புரட்டிப் பார்த்தார். பிறகு வகுப்பில் நடந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், கரும்பலகையின் வலது மூலையில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் 'நொட்டோரியஸ்' என்று எழுதினார்.

"இந்தச் சொல் லத்தீன்ல இருந்து வந்தது. ஆதியில எல்லாருக்கும் தெரிஞ்சவர்னு மட்டும்தான் அர்த்தம். கெட்டவங்க பேருக்கு முன்னாடியே போட்டுப் போட்டுச் சொல்லும் கெட்டுப்போச்சு. ஒரு சொல்லுக்கு அர்த்தம் மட்டும் தெரிஞ்சாப் பத்தாது, அது யார்கூடச் சேர்ந்து சுத்துதுன்னும் தெரியணும்" என்றார்.

அடுத்த பீரியடு தமிழ். ஐயா பலகையில் இருந்த கட்டத்தைப் பார்த்துவிட்டு அழிக்காமல் நின்றார். "தமிழ்லயும் இது உண்டு. 'நாற்றம்'னா பழைய பாட்டுல நல்ல மணம். இன்னிக்கு ஒருத்தர்கிட்டப் போய் 'உங்க பூ நாறுது'ன்னு சொல்லிப் பாருங்க! இதுக்கு இலக்கணத்துல இழிபொருட்பேறுன்னு பேர்" என்றார். ஆக, நான் மேடையில் செய்தது, கோயிலுக்கு வந்தவரிடம் 'உங்கள் மாலை நாறுகிறது' என்று சொன்ன மாதிரி. சிரிக்காதீர்கள், சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

அன்றிலிருந்து அந்தக் கட்டம் நிலையாகிவிட்டது. ஒரு சொல் வந்தால் அடுத்த சொல் வரும்வரை அதை யாரும் அழிக்கக்கூடாது. பின் பெஞ்சுப் பையன்கள் அதற்கு வைத்த பெயர்தான் 'உத்தரவுப் பெட்டி'. நம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: காங்கயம் பக்கம் சிவன்மலை முருகன் கோயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. பக்தர் யாருடைய கனவிலாவது ஆண்டவன் வந்து சொல்லும் பொருளை, பூப்போட்டுப் பார்த்து உத்தரவு கிடைத்தபின் அதில் வைப்பார்கள். மண், தண்ணீர், சைக்கிள் என்று எத்தனையோ வந்திருக்கின்றன. அடுத்த உத்தரவு வரும்வரை அந்தப் பொருள் அங்கேயே இருக்கும். எங்கள் கட்டமும் அப்படித்தானே!

இந்தப் பட்டப்பெயர் டீச்சர் காதுக்கும் போயிருக்கிறது. ஒரு வாரம் கழித்து அவர் பெட்டிக்குள் எழுதிய சொல் 'கொரண்டம்'. யாருக்கும் தெரியவில்லை. "வைரத்துக்கு அடுத்தபடி கடினமான கல். மோஸ் அளவுகோல்ல வைரம் 10, இது 9. மாணிக்கமும் நீலமும் இந்தக் கல்லோட சாதிதான். சரி, இது எந்த மொழிச் சொல்?" என்றார். ஒருவன் லத்தீன் என்றான், ஒருத்தி கிரேக்கம் என்றாள். டீச்சர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் 'குருந்தம்' என்று எழுதினார். தமிழ்ச் சொல்லாம்! ஆங்கில அகராதிக்காரர்களே தமிழிலிருந்து வந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். அதைவிட ஆச்சரியம், அந்தக் கல் கிடைக்கும் இடங்களில் ஒன்று சிவன்மலை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹாலண்ட் என்பவர் சிவன்மலைப் பாறைகளையும் அதிலுள்ள குருந்தத்தையும் பற்றி 1901-இலேயே தனி ஆய்வு எழுதியிருக்கிறாராம். தைப்பூசத்துக்கு வருடா வருடம் அந்த மலையில் ஏறி இறங்கியிருக்கிறேன். காலில் குத்திய கல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று நினைத்ததே இல்லை. நினைத்திருந்தால் பாதிச் சொல் அங்கேயே கிடைத்திருக்கும்.

'எஃபெமரல்' வந்த நாளும் நினைவிருக்கிறது. என் நோட்டில் 'கணநேரத்தில் மறைகிற' என்று இருந்தது. கிரேக்கத்தில் அதற்கு 'ஒரு நாளுக்கு' என்று பொருளாம், ஒரே நாள் வாழும் பூச்சிக்கும் அதே பெயராம். டீச்சர், "முந்தாநாள் மழை பெய்ஞ்சதே, வீட்டு லைட்டைச் சுத்தி என்ன வந்தது?" என்று கேட்டார். வகுப்பே "ஈசல்!" என்றது. அதற்கப்புறம் அந்தச் சொல் எனக்கு மறக்கவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்கிற சங்கதி. இனிச் சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அம்மாவிடம் கேட்டேன். "எழுது, கம்பெனி பேர மட்டும் போட்றாத" என்றார்.

எங்கள் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். அப்பா லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அம்மாவின் வேன் குண்டடம், அவிநாசிபாளையம் வழியாகத் திருப்பூர் போகும். ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டு மணிக்கு ஏறினால் வீடு வந்துசேர ஒன்பதரை, ஒன்பதே முக்கால். சனிக்கிழமை சம்பளம். அந்தச் சம்பளத்தில்தான் என் பஸ், நோட்டு, அமுச்சியின் மாத்திரை எல்லாம்.

2025 ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் அம்மா ஆறே முக்காலுக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். உடம்புக்கு முடியவில்லையோ என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். "இல்ல கண்ணு. இனி ஒரு ஷிப்ட்டு போதும்னு சொல்லிப்போட்டாங்க. அமெரிக்காக்காரன் டாரிப்பு ஏத்திட்டானாம்" என்றார். சாப்பிட்டு முடித்தபின் மெதுவாகக் கேட்டார்: "ஏங்கண்ணு, டாரிப்புன்னா என்ன? அது சும்மா ஏறி எறங்கறதா, இல்ல வேலையே நின்னு போறதா?"

அவர் ஏன் கேட்டார் என்று அப்போது நான் கேட்கவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம், அந்தச் சொல் என் நோட்டில் இருந்தது! டாரிஃப் – கட்டண விகிதம். போன் ரீசார்ஜுக்கும் கரண்டு பில்லுக்கும் சொல்கிற அதே சொல். நோட்டைத் திறந்து காட்டி, "ரீசார்ஜ் ரேட்டு ஏத்தற மாதிரிதாம்மா. ரேட்டு ஏறிருச்சுன்னா அவங்க எச்சாக் காசு குடுத்து வாங்கோணும். பனியன் வெல ஏறினா உங்களுக்குக் கூலியும் ஏறும். பயப்படாத" என்றேன். அம்மாவின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். நானே ஒரு டீச்சர் ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

விஷயம் என்னவென்றால், அந்த வாரம்தான் அம்மாவுக்குத் தெரிந்த அக்கா ஒருவர் தாராபுரத்திலேயே ஒரு லோக்கல் யூனிட்டில் செக்கிங்குக்கு ஆள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். உள்நாட்டுக் கடைகளுக்கு ஜட்டி பனியன் தைக்கிற இடம். சம்பளம் கொஞ்சம் கம்மி, ஆனால் நாள் தவறாமல் வேலை. அம்மா என் பேச்சைக் கேட்டு, "நம்ம கம்பெனியே சரியாயிரும்னு பாப்பா சொல்லுது" என்று அந்த அக்காவிடம் மறுத்துவிட்டார். பத்து நாளில் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

செப்டம்பரில் பெட்டிக்குள் 'டாரிஃப்' வந்தது. பேப்பரில் தினமும் அதுதான், பையன்கள் கேட்டதால் டீச்சர் எழுதினார். அரபு மொழியில் 'அறிவித்தல்' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து இத்தாலி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது என்றார். என்ன சரக்குக்கு என்ன வரி என்று துறைமுகத்தில் அறிவிக்கிற பட்டியல். ஓட்டலில் தொங்கும் விலைப்பட்டியல், போன் கட்டணம் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. பிறகு பலகையில் கணக்குப் போட்டார். "இங்கிருந்து 10 டாலருக்கு ஒரு பனியன் போகுதுன்னு வச்சுக்குங்க. வழக்கமான வரி எப்பவும் உண்டு. அதுக்கு மேல ஆகஸ்ட் 27-ல இருந்து 50 விழுக்காடு. அப்படின்னா இன்னும் 5 டாலர். அதே பனியன் பங்களாதேஷ்ல இருந்தோ வியட்நாம்ல இருந்தோ போனா கூடுதல் வரி 20 விழுக்காடு, 2 டாலர்தான். வாங்கறவன் எங்க போவான்?"

அந்தக் கூடுதல் ஐந்து டாலர் யாருக்குப் போகும் என்று ஒருவன் கேட்டான். "அமெரிக்க அரசாங்கத்துக்கு. திருப்பூருக்கு ஒரு பைசா வராது" என்றார். திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது என்றும் சொன்னார்.

விலை ஏறினால் கூலி ஏறும் என்று நான் சொன்னது! எனக்கு வயிற்றுக்குள் கல்லைப் போட்ட மாதிரி இருந்தது. நொட்டோரியஸ் சொன்ன அன்று மானம் மட்டும்தான் போனது. இது எங்கள் வீட்டுச் சோற்றில் கை வைத்துவிட்டது. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி. இது நானே போட்ட கணக்கு, இதற்கு டிக்‌ஷனரி வேண்டியதில்லை. வீட்டில் போய்ப் பார்த்தால், டிக்‌ஷனரியில் அந்தச் சொல்லுக்கு மூன்று பொருள் இருந்தது. எனக்குத் தெரிந்த ரீசார்ஜோடு ஒத்துப்போன ஒன்றை மட்டும் எடுத்து எழுதியிருக்கிறேன். அடைப்புக்குறியில் பாடம் படித்தும் புத்தி வரவில்லை பாருங்கள்.

அன்று ராத்திரி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பாத்திரம் விளக்கிவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "அந்த நோட்டை எடு" என்றார். இரண்டு பக்கம் புரட்டினார். எழுத்து அவருக்குத் தமிழில் மட்டும்தான் வாசிக்க வரும். வலது பக்கத்தை மட்டும் வாசித்தார்.

"ஒரு பீஸ் வந்தா நாங்க மேல்பக்கம் மட்டும் பாத்துப் பாஸ் பண்ண மாட்டோம் கண்ணு. உள்ள திருப்பிப்போட்டுத் தையலைப் பாப்போம். இதுல நீ உள்பக்கம் பாத்தியா?"

"இல்லம்மா."

"அப்ப இதெல்லாம் ஆல்ட்டர் பீஸு. திரும்பத் தையி."

அவ்வளவுதான் சொன்னார். அந்த அக்காவின் யூனிட்டைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

நான் திரும்பத் 'தைக்க' ஆரம்பித்தேன். ஒரு நாளைக்குப் பத்து என்பதை இரண்டாகக் குறைத்தேன். வேலை குறைந்ததால் அம்மா பொழுதோடு வீட்டில் இருந்தார். நான் சத்தம் போட்டு வாசிப்பதை முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்பார். ஒரு நாள், "டாலரன்ஸ் – சகிப்புத்தன்மை" என்று வாசித்தேன். அம்மா நிமிர்ந்தார்.

"டாலரன்ஸா? அது எங்ககிட்டயும் இருக்குதே!"

"அதில்லம்மா, இது மத்தவங்களப் பொறுத்துப்போறது. சகிப்புத்தன்மை."

"எங்களுதும் பொறுத்துப்போறதுதான். மெஷர்மென்ட் சார்ட்டுல நெஞ்சளவு இத்தனைன்னு போட்டிருக்கும். டாலரன்ஸ் அரை இஞ்சுன்னா அரை இஞ்சு கூட இருந்தாலும் கொறைய இருந்தாலும் பாஸ். அதுக்கு மேல போனா ரிஜெக்ட். எல்லாப் பீஸும் அச்சுல வார்த்தாப்ல வருமா? கை வேல. கொஞ்சம் அப்படி இப்படி இருக்கத்தான் செய்யும். எவ்வளவு வரைக்கும் பொறுக்கலாம்னு மொதல்லயே எழுதி வச்சுக்கறது."

நான் பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். குடிமையியல் பாடத்தில் 'சகிப்புத்தன்மை' என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன், ஐந்து மதிப்பெண் கேள்விக்கு. இவ்வளவு துல்லியமாக அது என்னவென்று எனக்கு யாரும் சொன்னதில்லை. டீச்சரிடம் கேட்டபோது பொறியியலில் அதுதான் சரியான பயன்பாடு என்றார். லத்தீனில் 'தாங்குவது, பொறுப்பது' என்கிற வேரிலிருந்துதான் இரண்டும் வந்தனவாம்.

அதன்பிறகு நான் அம்மாவின் வாயைப் பிடுங்க ஆரம்பித்தேன். எத்தனை சொல் இருந்தன தெரியுமா? ஷேடு வேரியேஷன், ஸ்கிப் ஸ்டிச், ஓபன் சீம், நீடில் கட், ஷ்ரிங்கேஜ், அப்ரூவல், கன்சைன்மென்ட். ஒன்றுக்கும் அவருக்கு ஸ்பெல்லிங் தெரியாது. எதைக் கேட்டாலும் ஒரு பழைய துணியை எடுத்துவந்து விரலை வைத்துக் காட்டுவார். 'பில்லிங்' என்றார். நான் 'பில்' போடுவது என்று நினைத்தேன். என் யூனிஃபார்மின் அக்குள் பக்கத்தைத் திருப்பி, துவைத்துத் துவைத்து உருண்டு நிற்கும் குட்டிக் குட்டி நூல் உருண்டைகளைக் காட்டினார். அதுதான் பில்லிங். டீச்சருக்கே அந்தப் பொருள் தெரியவில்லை. ஆங்கில அகராதியில் பார்த்துவிட்டு வந்து, "உங்க அம்மா சொன்னது சரி" என்றார். மாத்திரைக்குச் சொல்கிற அதே சொல், உருண்டை என்பதால். அம்மாவிடம் அதைச் சொன்னபோது, "சரியா இல்லாம? பதினோரு வருசமாப் பாக்கறேன்" என்றார்.

பதிலுக்கு அம்மா என்னை ஒரு கேள்வி கேட்டார். "நாங்க தைக்கிறது பனியன். அது இங்கிலீசா தமிழா?"

தெரியவில்லை. டீச்சரிடம் கேட்டேன். அவர் செல்போனில் 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற பழைய அகராதியைக் காட்டினார். இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களை யூல், பர்னெல் என்ற இரண்டு பேர் தொகுத்து, 1886-இல் வெளிவந்தது. இதில் பர்னெல் நம் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவராம். குஜராத்தி வணிகர்களை வெள்ளைக்காரர்கள் 'பனியன்' என்று அழைத்திருக்கிறார்கள். வாணியன், வணிகன் எல்லாம் அதற்கு உறவு. பாரசீக வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்குப் பக்கத்தில் இந்த வணிகர்கள் ஒரு பெரிய ஆலமரத்தடியில் கூடுவார்களாம், கும்பிடுவார்களாம். அதனால் ஆலமரத்துக்கு 'பனியன் மரம்' என்று பெயர் வந்தது. அந்த வணிகர்கள் உடுத்திய உடையைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் போட்டுக்கொண்ட சட்டைக்கும் பனியன் என்று பெயர் வந்தது. அது சுருங்கிச் சுருங்கி உள்ளாடை ஆகி, திருப்பூர் வந்து சேர்ந்திருக்கிறது. நாம் ஆங்கிலப் பாடத்தில் படிக்கிற 'பேன்யன் ட்ரீ'யும் அம்மா வேலை பார்க்கும் பனியன் கம்பெனியும் ஒரே சொல்! இதைச் சொன்னபோது அமுச்சிக்கு நம்பிக்கை வரவில்லை. "ஆலமரத்துக்கும் பனியனுக்கும் முடிச்சுப் போடறியா? மொட்டத்தலைக்கும் முழங்காலுக்குமாட்ட" என்றார்.

இதே அகராதியில் கட்டுமரம் 'கேட்டமரன்' ஆனதும், சுருட்டு 'செரூட்' ஆனதும், மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' ஆனதும் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் நம் காசுதான் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். கிழக்கு நாடுகளின் சின்னச் செப்புக் காசுக்குச் சொன்ன 'கேஷ்' நம் காசிலிருந்து போனது, அது சரி. இன்றைக்குக் கடையில் 'கேஷா, கார்டா?' என்று கேட்கிற 'கேஷ்' வேறு. அது பணப்பெட்டி என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்தது. உருவம் ஒன்று, ஊர் வேறு. பெருமைக்காகப் பாதியை மட்டும் சொன்னால், அது நான் அடைப்புக்குறியை விட்ட கதைதான்.

தீபாவளி அக்டோபர் 20-இல் வந்தது. அதற்குள் அம்மாவுக்கு வாரத்தில் நாலு நாள்தான் வேலை. எனக்குப் புதுத்துணி வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். நல்ல பிள்ளை என்று நினைக்காதீர்கள், கேட்க வாய் வரவில்லை. டிசம்பரில் அதே அக்கா மறுபடி வந்தார். வேறொரு சின்ன யூனிட்டில் ஆள் கேட்கிறார்கள் என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான், "எனக்குத் தெரியலீங்மா, நீயே யோசிச்சுச் சொல்லு" என்றேன். அம்மா அடுத்த நாளே போய்ச் சேர்ந்துவிட்டார். சம்பளம் பழையதைவிடக் குறைவு. ஆனால் உடுமலை ரோட்டிலிருந்து ஆறரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். அங்கே மெஷர்மென்ட் சார்ட்டெல்லாம் அவ்வளவு கறார் இல்லையாம். "இங்க டாலரன்ஸ் எச்சு" என்று சிரிக்கிறார்.

என் நோட்டில் இப்போது நடுக்கோடு இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். பொருள், அடைப்புக்குறியில் உள்ளது, எங்கிருந்து வந்தது, யார் வாயில் கேட்டேன், ஒரு வாக்கியம். இரண்டாவது நோட்டும் வாங்கிவிட்டேன். சொற்கள் நூற்றுப்பத்துதான் தேறியிருக்கின்றன. பழைய இருநூறில் பாதி இன்னும் ஆல்ட்டரில் கிடக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தத் தாளுக்குக் கீழே ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது ஓவர்லாக், பேட்லாக், பவர்டேபிள் அடிக்கிறவர் இருப்பார். லாரி ஓட்டுகிறவர், ஒர்க் ஷாப் வைத்திருப்பவர், ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர் இருப்பார். அவர் தினமும் சொல்கிற ஒரு ஆங்கிலச் சொல்லையும், அவர் அதற்குச் சொல்லும் பொருளையும் எழுதிவிட்டுப் போங்கள். டிக்‌ஷனரிப் பொருள் வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வாரத்துக்கு ஒன்றை உத்தரவுப் பெட்டியில் எழுத டீச்சர் சம்மதித்துவிட்டார். பேனா நூலில் கட்டித் தொங்குகிறது, யாரும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். முதல் சொல் எழுதியாயிற்று: பில்லிங். சொன்னவர், எங்கள் அம்மா.

– பிளஸ் டூ மாணவி, 'ஆ' பிரிவு